மதுரையை அதன் நேரத்துக்குப் பாருங்கள்

விளாங்குடியில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வரத்து எப்போதும் உண்டு. திண்டுக்கல் சாலையில், பாத்திமா கல்லூரியைத் தாண்டினால் எங்கள் ஊர். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டாலும் இன்னும் “மதுரைக்குள்ள போயிட்டு வர்றேன்” என்று சொல்லித்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். கோயம்புத்தூர் அத்தை வீட்டார், சென்னை நண்பர்கள், கோலாலம்பூரில் இருக்கும் மாமா குடும்பம் என்று யார் வந்தாலும் ஊர் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. விரும்பிச் செய்கிற வேலை அது. கூட்டிப்போய்க் கூட்டிப்போய் எனக்குப் பிடிபட்டவற்றை, முதன்முறையாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஒரு நாள்ல எத்தனை இடம் பாத்துரலாம்?” கோயில், மகால், தெப்பக்குளம், காந்தி மியூசியம், அழகர்கோயில், திருப்பரங்குன்றம் என்று பட்டியல் போட்டு, காரை எடுத்துக்கொண்டு ஓடினால் ஆறு இடத்துக்கும் போய்விடலாம். ஆனால் சாத்திய கதவும், கொதிக்கும் கல் தரையும், வண்டி நிறுத்த இடம் தேடிய அலைச்சலும்தான் மிஞ்சும். மதுரைக்கென்று ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. எந்த இடத்துக்கு எந்த நேரம் என்று தெரிந்து போனால் பாதி இடமே பார்த்தாலும் ஊர் மனசில் நிற்கும்.

அதற்குக் காரணம் உண்டு. இது பாண்டியர் தலைநகரம். பதினான்காம் நூற்றாண்டில் சில பத்தாண்டுகள் சுல்தான்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1529 வாக்கில் விசுவநாத நாயக்கரோடு நாயக்கர் ஆட்சி தொடங்கியது. அரசுகள் போய்விட்டன, இந்த ஊர் மட்டும் அதே இடத்தில் பிழைப்பு நடத்திக்கொண்டிருக்கிறது. மாமா தாய்லாந்துக்குப் போய் அயுத்தயாவைப் பார்த்துவிட்டு வந்தவர். 1350-இல் எழும்பி நானூறு ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்து, 1767-இல் பர்மியப் படையால் அழிந்த நகரம் அது. “அங்க செங்கல் மேடும் தலையில்லாத புத்தர் சிலையுந்தான் மாப்ளே மிச்சம். டிக்கெட் வாங்கி உள்ள போய்ப் பாத்துட்டு வந்தோம். இங்க என்னடான்னா அந்தக் காலத்து வீதியில இன்னமும் தேர் ஓடுது, ஆட்டோவும் ஓடுது” என்றார். மதுரையைப் பார்க்க வருகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். இங்கே புழக்கத்தில் இருக்கும் ஒரு தலைநகரத்துக்குள் நுழைகிறோம். அதன் நடைமுறைக்கு நாம்தான் ஒத்துப்போக வேண்டும்.

முதலில் வீதிகளை நடந்து பாருங்கள்

வந்தவர்களை நேராகக் கோயிலுக்குள் கூட்டிப்போவதை நான் விட்டுவிட்டேன். முதலில் வெளியிலிருந்து உள்ளே நடக்க வைக்கிறேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பக்கத்திலேயே மேலவாசல். பழைய கோட்டையின் ஒரு துண்டு அங்கே நிற்கிறது. நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்க வைத்து, அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்தான் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் மாரட் வீதிக்கும் நிலைத்தது. இது தெரிந்தால் வெளி வீதியைக் கடக்கும்போதே கோட்டைக்குள் காலடி வைக்கிறோம் என்ற உணர்வு வந்துவிடும்.

அங்கிருந்து உள்ளே போகப் போக மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு பக்கமும் வீதிகள். மதில் சுவருக்குள் ஆடி வீதி. நடுவில் மீனாட்சியும் சொக்கரும். எந்தத் திசையில் வழி தவறினாலும் ஏதாவது ஒரு கோபுரம் தெரியும். அதைப் பார்த்து நடந்தால் போதும். குழந்தைகளிடம் “நாம இப்ப எந்த வீதியில நிக்கிறோம், சொல்லு பாப்போம்” என்று கேட்டுக்கொண்டே போவேன். இரண்டு திருப்பத்துக்குள் அவர்களே ஊரின் அமைப்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

வீதிக்கு வீதி தொழில் மாறுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகள். மிளகாய் வற்றலும் மல்லியும் மூக்கைத் துளைக்கும். தெற்கு ஆவணி மூல வீதியில் வரிசையாக நகைக்கடைகள். வெங்கலக்கடைத் தெருவில் பாத்திரம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி. மதுரைக்காஞ்சி இந்த ஊரின் பகல் அங்காடியையும் இரவு அங்காடியையும் விரித்துச் சொல்கிறது. படித்தவர்களுக்குக் கீழமாசி வீதியில் மூட்டை இறங்குவதைப் பார்த்தாலே அது நினைவுக்கு வரும். இந்த நடைக்குச் சரியான நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டரை. கடைகள் திறக்கத் தொடங்கியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, வண்டி நெரிசலும் குறைவு.

கோயிலுக்கு இரண்டு தடவை போங்கள்

ஒரே மூச்சில் பார்த்து முடிக்கிற கோயில் இது இல்லை. ஒரு தடவை பகலில், ஒரு தடவை இரவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதிகாலை நடை திறந்தால் மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்துவார்கள். மறுபடி திறக்க மாலை நான்கு மணி ஆகும். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பதினொன்றரைக்கு வந்து வரிசையில் நின்று, நடை சாத்தப்போகிறார்கள் என்ற அவசரத்தில் ஓடுவார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் உள்ளே போய்விட்டால் நிதானமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை, பிரதோஷம், ஐயப்ப பக்தர்கள் வரும் மார்கழி நாட்களில் கூட்டம் கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முறைப்படி கிழக்கே அம்மன் சன்னதி வழியாக நுழைய வேண்டும். மதுரையில் மீனாட்சிக்குத்தான் முதல் கும்பிடு. அஷ்டசக்தி மண்டபம், மீனாட்சி நாயக்கர் மண்டபம் கடந்து பொற்றாமரைக் குளத்தின் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெற்குக் கோபுரம். பதினான்கு கோபுரங்களில் அதுதான் உயரம், சுமார் 170 அடி. 1559-இல் கட்டியது. கிழக்குக் கோபுரமோ அதைவிட மூன்று நூற்றாண்டு பழையது, மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பாண்டியர் காலத்தில் சிற்பம் அளவாக இருந்ததும் நாயக்கர் காலத்தில் சுதைச் சிற்பம் கோபுரம் முழுக்க நிறைந்ததும் கண்ணுக்கே தெரியும்.

அம்மனைக் கும்பிட்டுச் சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் முக்குறுணி விநாயகர். திருமலை நாயக்கர் தெப்பக்குளம் வெட்டும்போது கிடைத்த சிலை என்று சொல்வார்கள். பிறகு கம்பத்தடி மண்டபம். என்னைக் கேட்டால் இந்தக் கோயிலில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பத்தில் பெருமாள் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் கையையும், மீனாட்சியின் குனிந்த முகத்தையும் பக்கத்தில் நின்று பாருங்கள். எதிரே ஊர்த்துவ தாண்டவரும் காளியும். வெள்ளியம்பலத்தில் நடராசர் வழக்கத்துக்கு மாறாக வலது காலைத் தூக்கி ஆடுகிறார். நேரில் பார்க்கும் முன்பே சொல்லி வைத்தால் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். ஆயிரங்கால் மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அரியநாத முதலியார் 1569-இல் கட்டியது. தூண்கள் 985.

இரண்டாவது தடவை இரவு ஒன்பது மணிக்கு முன்னால் போங்கள். பள்ளியறைப் பூசைக்காகச் சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு மீனாட்சி சன்னதிக்குக் கொண்டுவருவார்கள். இது தினமும் நடப்பது. திருவிழா பார்த்து வர வேண்டியதில்லை. பகலில் சிற்பம் பார்த்தவர்கள் இரவில் இதைப் பார்க்கும்போது, அந்தக் கல் மண்டபங்கள் எல்லாம் எதற்காக அத்தனை நீளமாகக் கட்டப்பட்டன என்பது புரியும். சாமி நடந்து போகிற வழி அது.

உள்ளே போகுமுன் செய்ய வேண்டியவை

2018 பிப்ரவரி 2 இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன்பிறகு கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை வந்துவிட்டது. வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இதனால் ஒரு முன்னேற்பாடு அவசியமாகிறது: யாராவது கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பொற்றாமரைக் குளத்தின் மேல்படி என்று வைத்திருக்கிறோம். பெரியவர்களுக்கு முக்குறுணி விநாயகர் எளிது. யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நுழைந்த வாசல் எந்தத் திசை என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். செருப்பும் செல்போனும் அங்கேதான் இருக்கும்; நான்கு வாசலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்.

உடுப்பில் கவனம் வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை போட்டு வந்து வாசலில் தயங்கி நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். பாங்காக் அரண்மனைக்குப் போனவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அங்கேயும் அதே கண்டிப்பு. இந்துக்கள் அல்லாத நண்பர்கள் கூட வந்தால் கருவறைப் பக்கம் போக முடியாது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். மண்டபங்களும் குளமும் சிற்பங்களும் அவர்களுக்கு நாள் முழுக்கப் போதும்.

ஆடி வீதியின் கல் தரை பத்து மணிக்கு மேல் சுடும். விரிப்பு போட்டிருக்கும் பாதையை விட்டு விலகாமல் நடப்பது நல்லது. பெரியவர்களுக்கு ஒரு ஜோடி காலுறை பையில் இருக்கட்டும். சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எந்த வாசல் அருகில் என்று பார்த்து இறக்கிவிடுங்கள். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாக வந்தால் மேலக் கோபுரம், நடக்கக்கூடிய தூரம்தான்.

வழிகாட்டி வேண்டுமென்றால் அடையாள அட்டை வைத்திருப்பவரைக் கேட்டு, தொகையையும் நேரத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சித்திரை வீதியில் “மாடியில இருந்து கோபுரம் நல்லாத் தெரியும், வாங்க” என்று கைவினைப் பொருள் கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். போகலாம், கோபுரம் நன்றாகவே தெரியும். பொருள் வாங்குவது உங்கள் விருப்பம்.

நடை சாத்தியிருக்கும் மதியம்

பன்னிரண்டரையிலிருந்து நான்கு வரை கோயில் கிடையாது. இந்த நேரத்தை மகாலுக்கும் பழைய கட்டடங்களுக்கும் கொடுங்கள். வெயிலுக்கு ஒதுங்கின மாதிரியும் ஆகும். கீழக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. தூண்களில் நாயக்க அரசர்களே சிலையாக நிற்கிறார்கள். தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளுமாக நிறைந்திருந்த மண்டபம் அது. அண்மையில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. சீரமைப்பு வேலையைப் பொறுத்து உள்ளே விடுகிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கிழக்கே முடிக்கப்படாமல் நின்றுவிட்ட ராயகோபுரத்தின் அடித்தளம் இருக்கிறது. கட்டி முடித்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்பதை அந்த நிலைக்கல்லின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அங்கிருந்து தெற்கே திருமலை நாயக்கர் மகால். 1636-இல் எழுந்த அரண்மனையில் இன்று நிற்பது கால் பங்கு அளவுதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். மிச்சமிருந்ததும் சிதைந்துகொண்டிருந்த நேரத்தில், சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் 1866 தொடங்கிச் சீரமைக்க வைத்தார். பின்னாளில் நீதிமன்றங்கள் அதற்குள் இயங்கின. சொர்க்கவிலாசத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, இத்தனையும் செங்கல்லும் சுண்ணாம்பும் என்பதைக் கூட வந்தவர்களுக்குச் சொல்லுங்கள். மகாலோடு திரும்பிவிடாமல் பத்துத் தூண் சந்துக்கும் போங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தப் பத்துத் தூண்களும் ஒரு காலத்தில் அரண்மனையைச் சேர்ந்தவை. மகால் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதை அந்த நடையே காட்டிவிடும்.

மதியச் சாப்பாட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் சாப்பாட்டுக்கு நேரம் மாலையும் இரவும்தான். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாலும் கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் சேர்ந்து வெயிலைத் தணிக்கும். சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பால் சாயங்காலத்துக்கு. கறிதோசை, சுக்கா எல்லாம் இருட்டின பிறகு. பள்ளியறைப் பூசை பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் சுடச்சுட இட்லியும் நாலு வகைச் சட்னியும் கிடைக்கிற ஊர் இது. சைவம் சாப்பிடும் பெரியவர்கள் உடன் இருந்தால் டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கம் தங்கும் இடம் பார்ப்பது வசதி.

விடியற்காலையை மலைக்குக் கொடுங்கள்

மதுரை என்றால் கோயில் மட்டும் என்று நினைத்து வருகிறவர்களை நான் கட்டாயம் ஒரு மலைக்குக் கூட்டிப்போவேன். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணத் துறவிகள் தங்கிய குகைகளும் கற்படுக்கைகளும் இருக்கின்றன. மாங்குளத்துக் குன்றில் உள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் வெட்டிய எழுத்து. ஒத்தக்கடை யானைமலையில் கி.பி. 770-ஐச் சேர்ந்த நரசிங்கப் பெருமாள் குடைவரை. திருப்பரங்குன்றத்துக் குடைவரையும் ஏறக்குறைய அதே காலம்.

பெரியவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் கீழக்குயில்குடிச் சமணமலைதான் நல்லது. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், ஊர்க்காரர்கள் கும்பிடும் அய்யனார் கோயில். பாறையில் வெட்டிய படியில் ஏறினால் பேச்சிப்பள்ளம். தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு குகை. ஏற முடியாதவர்கள் குளத்தங்கரையில் இருக்கலாம். காலை ஆறரைக்கு அங்கே இருந்தால் எட்டரைக்கு இறங்கிவிடலாம். அதற்கு மேல் பாறை சூடேறும், நிழலும் கிடையாது. தண்ணீர் கொண்டுபோங்கள், கடை எதிர்பார்க்காதீர்கள். சிற்பத்தின் மேல் கை வைக்கவோ பாறையில் பேர் கிறுக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். ஆயிரம் வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய எழுத்தை ஓர் ஆணி ஒரு நிமிஷத்தில் அழித்துவிடும்.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றபோது சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டு எதிர்த்து நின்றன. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. குடைவரைச் சிவன் கோயிலையும் சமணர் குகையையும் பார்க்கிறபோது, அவற்றைக் காப்பாற்றிக்கொடுத்த மக்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கீழடிக்கும் காந்திக்கும் அரை நாள்

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி. 2015 முதல் மத்தியத் தொல்லியல் துறையும், 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டின. 2019-இல் வெளியான அறிக்கை அங்கே வாழ்ந்த மக்களின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. 2023 மார்ச் 5-இல் திறந்த அருங்காட்சியகத்தில் உறைகிணறு, தக்களி, தாயக்கட்டை, பேர் கீறிய பானை ஓடு எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகளை முதலில் பானை ஓடுகளுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு சாதாரணக் குடும்பத்தில் யாரோ தன் பேரைத் தானே கீறி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபிறகு மற்றதையெல்லாம் அவர்களே ஆர்வமாகப் பார்ப்பார்கள். விடுமுறை நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

மாலை ஊருக்குள் திரும்பும்போது காந்தியின் தடத்தைப் பிடித்துப் போகலாம். 1921 செப்டம்பர் 22 காலையில்தான் காந்தி இடுப்பில் வேட்டி மட்டும் உடுத்தும் முடிவோடு மேலமாசி வீதி வீட்டிலிருந்து வெளியே வந்தார். அந்த வீட்டில் இப்போது கதர்க்கடை இருக்கிறது; மாடியில் அவர் தங்கிய அறையைப் பார்க்கலாம். மீனாட்சி கோயிலுக்குள் அவர் அப்போதெல்லாம் போகவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வாசல் திறக்காத கோயிலுக்குள் போவதில்லை என்பது அவர் கொள்கை. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்தார். 1946-இல்தான் காந்தி உள்ளே போய்க் கும்பிட்டார். இதைத் தெரிந்துகொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள், அந்த வாசல்படியைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நிற்பார்கள். என்னோடு வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது இதுதான்.

தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை 1959-இல் நேரு திறந்து வைத்தார். காந்தி கடைசி நாளில் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மரங்கள் நிறைந்த இடம் என்பதால் மதியத்துக்கும் பொருத்தம்.

ஆற்றங்கரையை விட்டுவிடாதீர்கள்

விளாங்குடிக்காரனாக இதைச் சொல்லியே ஆக வேண்டும். வைகையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தால்தான் ஊரின் கதைகள் கோவையாகும். எங்களுக்கு எதிர்க்கரையில் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பு. வந்திக் கிழவிக்காகச் சிவன் கூலியாளாக வந்து புட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை ஆவணியில் அங்கேதான் நடத்துகிறார்கள். சொக்கரும் மீனாட்சியும் ஊரைக் கடந்து ஆற்றங்கரைக்கு வருவார்கள். கிழக்கே செல்லூரில் பாடல்பெற்ற திருவாப்புடையார் கோயில். மேற்கே சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் திருவேடகம். சம்பந்தர் விட்ட ஏடு ஆற்றை எதிர்த்து ஏறி வந்து நின்ற இடம் என்பது நம்பிக்கை. சமயநல்லூருக்கு அப்பால் தேனூர். அழகர் முன்னொரு காலத்தில் அங்கேதான் ஆற்றில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கர்தான் விழாவை மதுரைக்குக் கொண்டுவந்தார் என்றும் சொல்வார்கள். வயல்வெளியும் தென்னந்தோப்புமாக ஒரு பிற்பகல் இந்தப் பக்கம் போய்வந்தால் தலைநகரத்துக்குச் சோறு போட்ட பூமி எது என்று தெரியும்.

எந்த மாதம் வரலாம்?

சித்திரைத் திருவிழாவுக்கு வர ஆசைப்படுகிறவர்களுக்கு: வாருங்கள், ஆனால் திருவிழாவுக்கென்றே வாருங்கள். பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேர், சித்ரா பௌர்ணமியில் அழகர் ஆற்றில் இறங்குவது என்று அந்த நாட்களில் ஊரே வேறாக இருக்கும். மகாலும் மியூசியமும் பார்க்க அது நேரம் இல்லை. கைக்குழந்தையையும் நடக்க முடியாதவர்களையும் ஆற்றுக் கூட்டத்துக்குள் கூட்டிப்போகாதீர்கள். தல்லாகுளத்தில் முந்தின நாள் எதிர்சேவையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது அவர்களுக்கு ஏற்றது.

ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு மார்கழி, தை, மாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இருக்கும். தைப்பூசத்தையொட்டி வந்தால் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் பார்க்கலாம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளம் நெடுங்காலம் காய்ந்து கிடந்து, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடமாக இருந்தது. வைகைத் தண்ணீர் மறுபடி வந்து நிறைந்திருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு நிறைகிறது. சாதாரண நாளிலும் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அந்தப் படிக்கட்டுக் காற்று வாங்க நல்ல இடம்.

ஓர் இரவு தங்குங்கள்

இத்தனையும் சுருக்கிக் கேட்டால் நான் போட்டுத்தரும் திட்டம் இதுதான். முதல் நாள் காலை ஆறரைக்கு மாசி வீதி நடை, ஏழரைக்குக் கோயில், பதினொன்றுக்கு வெளியே. மதியம் புதுமண்டபம், மகால், பத்துத் தூண். மாலை தெப்பக்குளம். இரவு பள்ளியறை. இரண்டாம் நாள் விடியலில் சமணமலை, பிறகு கீழடி, மதியம் காந்தி மியூசியம், மாலை மேலமாசி வீதியும் சாமான் வாங்குவதும். சுங்குடிப் புடவை வாங்குகிறவர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததா, வெறும் அச்சா என்று கேட்டு வாங்குங்கள். முடிச்சுப் போட்ட துணியில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். மல்லிகையைக் கடைசியாக, ஊருக்குக் கிளம்பும்போது வாங்குங்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கீழடியையும் மகாலையும்கூட அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். காலை வீதி நடையையும் இரவுக் கோயிலையும் விட வேண்டாம். காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணத்தில் இந்த இரண்டும்தான் கை நழுவிப்போகின்றன. மதுரை தன்னை முழுசாகக் காட்டுவதோ அந்த இரண்டு நேரத்தில்தான். ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் முதல் யோசனையாக நான் சொல்வது: திரும்பும் டிக்கெட்டை மறுநாளுக்குப் போடுங்கள்.